மோரிஸ் மைனர் 1098: வீட்டில் கட்டிய எஞ்சினோடு சில ஆண்டுகள்

வண்டி 1966ஆம் ஆண்டின் நான்கு கதவு மோரிஸ் மைனர். எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஏ-வரிசை, 1098 சி.சி. கட்டிய இடம் மொரீஷியஸ், காத்ர் போர்னில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகை. 2018இல் உயிர் பெற்றது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் போர்ட் லூயிஸுக்கும் திரும்பவும், அவ்வப்போது தெற்கே கடற்கரைக்கும். கண்காட்சியில் பானட்டைத் திறந்து வைத்துப் பெருமைப்படுவதற்காக எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு பயன்படாது. மழையிலும் நெரிசலிலும் ஓட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய எஞ்சினில் மாற்றம் செய்கிறேன் என்று சொன்னவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை குதிரைத்திறன் கூடியது? என் பதில் கேட்பவருக்கு ஏமாற்றம் தரும். கொஞ்சம்தான் கூடியது, அதற்காக நான் செலவழித்ததும் கொஞ்சம்தான். பணத்தையும் பொழுதையும் விழுங்கியவை வெளியே தெரியாத வேலைகள். இத்தனை காலம் ஓட்டிய பிறகு பார்த்தால், பலன் தந்தவையும் அவைதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வந்தபோது அதில் இருந்தது 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின். ஏ-வரிசை 1952இல் 803 சி.சி.யாக நுழைந்தது, 1956இல் 948 ஆனது, 1962இல் 1098. இந்தக் கடைசி அளவு 48 குதிரைத்திறன் என்று நிறுவனம் சொன்னது, அதற்கு முந்தைய 948 தந்தது 37. ஆனால் 1098இன் குணம் எண்ணிக்கையில் இல்லை. சிலிண்டரின் துளை 64.58 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 83.72 மி.மீ. துளையைவிட ஓட்டம் அவ்வளவு நீளம். இழுவை கீழேயே, நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்புக்குத் தினமும் ஏறி இறங்கும் தீவில் நமக்கு வேண்டியது அந்த இழுவைதான்.

அதே நீண்ட ஓட்டம் எஞ்சினின் பலவீனமும்கூட. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங்குகள். அவற்றில் அமரும் கிராங்கின் உருளைப் பகுதிகளான ஜர்னல்களின் பருமன் 1¾ அங்குலம். உயர் சுற்றில் கிராங்க் வளைந்து நெளியும். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் பந்தய வகையைப் போட்டு 6000 சுற்றுக்கு மேல் விரட்ட ஆசைப்படுகிறவர் 1275 சி.சி. பிளாக்கைத் தேடிப்போவது நல்லது. நான் தொழிற்சாலைக் கேமையே வைத்துக்கொண்டேன். அந்த முடிவில் இன்றுவரை எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் கண்டிப்பு வேண்டும். பிரிப்பது, சுத்தம் செய்வது, அளப்பது, கோப்பது ஆகியவை வீட்டுவேலை. போரிங் (சிலிண்டர் துளையைப் பெருக்குவது), கிராங்க் கிரைண்டிங் (ஜர்னல்களைக் கடைந்து சீராக்குவது), வால்வு சீட் (வால்வு மூடும்போது அமரும் இடம்) பதிப்பது ஆகியவை லேத் பட்டறை வேலை. போர்ட் லூயிஸில் ஒரு பழைய பட்டறையில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லாரையும் போல நானும் அவரைத் தொந்தொன் (மாமா) என்றே அழைத்தேன். "ஆயிரத்தில் இருபது ஓவர்சைஸ்" என்று, அதாவது துளையை அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாக்கச் சொல்லி, காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அளவை என்னிடம் சொல்லாதே மகனே, பிஸ்டனைக் கொண்டுவா." பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பிஸ்டன் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் துளையைப் பெருக்க வேண்டும். பிஸ்டன்கள் இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை பிளாக் கொட்டகை மூலையில் எண்ணெய் பூசிய சாக்குக்குள் காத்திருந்தது.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை அப்படியே கோக்கத் தொடங்குவதுதான் வீட்டில் கட்டும் எஞ்சின்கள் சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். துளையைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர்ச் சுவரின் குறுக்குக் கீறல்களில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதை வெளியேற்றாது, இடம் மாற்றும், அவ்வளவே. சுடுநீரும் சோப்பும் பிரஷும்தான் மருந்து. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். எண்ணெய் வழிகளின் முனைகளில் இருக்கும் பித்தளை அடைப்புகளைக் கழற்றி அந்தத் துளைகளுக்குள்ளும் பிரஷ் விட வேண்டும். என் பிளாக்கில் ஐம்பது ஆண்டு அழுக்கு கறுப்பு மெழுகாக அங்கே உறைந்திருந்தது. கழுவி முடித்த கையோடு எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் புதுச் சுவரில் துரு ஏறிவிடும்.

பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ் போதும். மெழுகு நூல் போன்ற அந்தத் துண்டை ஜர்னல்மேல் வைத்து, மூடியை முறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் முனையான பிக்-எண்டில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் இருந்தால் நிம்மதி. பிக்-எண்ட் போல்ட்டுக்கு 35 பவுண்டு-அடி, சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு 40. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கடன் வாங்காதீர்கள். யார் வீட்டில் எப்படிக் கீழே விழுந்தது என்று நமக்குத் தெரியாது.

இனி ஹெட், அதாவது சிலிண்டர்களை மூடும் மேற்பகுதி. என் கணக்கில் மொத்தச் செலவிலும் மிகச் சிறந்த செலவு இதுதான். ஏ-வரிசை ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு அமரும் இடம் அந்த இரும்பிலேயே கடைந்தது, தனி வளையம் கிடையாது. இது வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. எரிந்த ஈயத்தின் படிவு வெளியேற்று வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தையாக இருந்து காத்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முழுவதும் 2006 தொடக்கத்திற்குள் ஈயப் பெட்ரோல் விடைபெற்றுவிட்டது. மெத்தை போனபின், சூடான வால்வு சீட்டின்மேல் நுண்ணிய அளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, நாளடைவில் ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. டேப்பட் இடைவெளி (வால்வு முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே விடுவது) தேய்மானத்தால் கூடவேண்டியது இயல்பு. அது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் உங்கள் சீட் அமிழ்கிறது.

நான்கு வெளியேற்று வால்வுகளுக்கும் கடினமாக்கிய சீட் வளையங்கள் பதித்தோம். பதிக்கும் முன் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ள இரண்டு வெளியேற்று வால்வுகளும் ஒரே துவாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெப்பம் கூடும் இடம் அது. வளையம் பதித்ததிலிருந்து இடைவெளி 0.012 அங்குலத்தைவிட்டு நகரவே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பழக்கத்துக்காகத்தான் பார்க்கிறேன். பார்க்கும் முறை தெரியாதவர்களுக்கு: வால்வுகளை முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

எம்.ஜி. மிட்ஜெட்டில் வந்த 12ஜி295 ஹெட் 1098க்கு அப்படியே பொருந்தும். உள்ளிழுப்பு வால்வு பெரிது, எரிப்பறை சிறிது, அதனால் அமுக்கவிகிதமும் கூடும். கிடைத்தால் வாங்குங்கள். 1275இன் பெரிய ஹெட்டைப் போடச் சொல்லும் நண்பர்கள், அதன் வெளியேற்று வால்வு பிளாக்கில் முட்டும், பிளாக்கின் மேல்விளிம்பைக் குடைய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

மாற்றங்களில் என் முழு ஆதரவு இவற்றுக்கு: மின்னணு இக்னிஷன், இரட்டை வரிசை டைமிங் செயின், ஆல்டர்னேட்டர். கியூர்பிப்பின் தூறலிலும் மூடுபனியிலும் பொறியை உண்டாக்க மின்சாரத்தை வெட்டும் பழைய பாயிண்டுகள் காலையில் அடம்பிடிக்கும். மின்னணுப் பெட்டி வந்த பிறகு முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொள்கிறது. என்றாலும் பழைய பாயிண்ட் தகட்டைக் கண்டென்சரோடு டிக்கியில் வைத்திருக்கிறேன். பாயிண்ட் கெட்டால் உப்புக்காகிதம் போதும். பெட்டி கெட்டால் இழுத்துச் செல்லும் வண்டி வேண்டும். ஆல்டர்னேட்டர் போடுமுன் மைனரில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது) என்பதை மறந்துவிடாதீர்கள். பேட்டரியை மாற்றி இணைத்து நெகட்டிவ் எர்த்துக்குக் கொண்டுவந்த பிறகே அதைக் கோக்க வேண்டும்.

குழாய் வகை வெளியேற்று மானிஃபோல்டை நண்பர் ஒருவர் கொஞ்சநாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். சத்தம் கூடியது. கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடும் கூடியது. மேட்டில் ஏதும் வித்தியாசம் தெரியவில்லை. என் தாயாருக்கு அந்த ஒலி பிடித்திருந்தது என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை. வார்ப்பிரும்பு மானிஃபோல்டே திரும்பி வந்தது.

புது உதிரிபாகங்களின் தரம் இன்னொரு தலைவலி. பளபளக்கும் உறையில் வந்த ஒரு ரோட்டர் ஆர்ம் (மின்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் பாகம்) ரோஸ் ஹில்லில், மாலை நெரிசலின் நடுவே, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கைவிட்டது. பழைய கையிருப்பில் உள்ள பாகம் விலை கூடுதலானாலும் அதையே தேடுகிறேன். ரப்பர் மட்டும் விதிவிலக்கு. பழைய கையிருப்பு ரப்பர் என்பது கிழியக் காத்திருக்கும் ரப்பர். ஏ-வரிசைக்காரர்கள் எல்லாரும் சபிக்கும் அந்தச் சிறு பைபாஸ் ஹோஸ், தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒளிந்திருப்பது, ஹெட் கழன்றிருக்கும்போதே மாறிவிட வேண்டும். பின்னால் மாற்ற நினைத்தால் குழந்தையின் கை வேண்டும், பூதத்தின் பலம் வேண்டும்.

குளிரூட்டலுக்குத் தைப்பூசத்தைவிடக் கடுமையான தேர்வு இந்தத் தீவில் இல்லை. ஜனவரி, பிப்ரவரி வெயில். கோர் த கார்த் மலையடிக் கோவிலை நோக்கிக் காவடிகள் நடக்க, பின்னால் வண்டிகள் நடையைவிட மெதுவாக ஊரும். பின்னிருக்கையில் பால்குடத்தோடு அத்தை, முன்னிருக்கையில் மாமா, கண்ணாடி எல்லாம் கீழே. ரேடியேட்டருக்குப் புதிய உட்கூடு, 74 டிகிரி தெர்மோஸ்டாட், ஆறு இதழ் விசிறி. இந்த மூன்றும் சேர்ந்தபின் முள் நடுவைத் தாண்டவில்லை. "உன் அப்பாவின் டாக்சி இந்த இடத்தில்தான் கொதித்து நிற்கும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். நிற்காததில் அவருக்குச் சற்று வருத்தம் என்றே நினைக்கிறேன்.

எண்ணெய் ஒழுகுமா? ஒழுகும். கிராங்கின் பின்முனையில் இதற்குச் சரியான சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே அனுப்பும் திருகுக் கோடு மட்டுமே உண்டு. கிராங்க்கேஸின் காற்றோட்டம் அடைபடாமல் இருந்தால் சொட்டு குறையும், நிற்காது. அட்டை ஒன்றைக் கீழே போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். எண்ணெய் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ளதாகப் பார்த்து. இந்த டேப்பட்டுகள் கேம்மேல் உரசிச் சறுக்குபவை. புதிய வண்டிகளுக்கான மெல்லிய எண்ணெய் அவற்றைத் தின்றுவிடும். சூடான எஞ்சினில் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு எண்ணெய் அழுத்தம் காட்டுகிறது.

காஸ் நோயாலிலிருந்து சாமரேலுக்கு ஏறும் வளைவுகளில், நால்வரோடு, இரண்டாம் கியரில் முணுமுணுப்பின்றி ஏறுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் நான் கேட்பதில்லை, அதுவும் தருவதாகச் சொல்வதில்லை. லிட்டருக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் வருகிறது.

இப்போது இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) தேயத் தொடங்கியிருக்கிறது. முதல் கியருக்குச் சிங்க்ரோ தொழிற்சாலையிலிருந்தே கிடையாது, அது பழகிவிட்டது. வரும் குளிர்காலத்தில் கியர் பெட்டி இறங்கும். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் ஒரு நட்டைக்கூடத் தொடப்போவதில்லை.