எம்.எல்.பி. சீசன்: பிட்ச் க்ளாக் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

2023இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி.) கொண்டுவந்த மாற்றங்களில் முழு மதிப்பெண் பிட்ச் க்ளாக்கிற்குத்தான். பிட்சர் (பந்தெறிபவர்) எத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்று எண்ணும் கடிகாரம் அது. பேஸில், அதாவது ஓடுபவர் தொட்டு நிற்கும் தளத்தில், ஆள் இல்லையென்றால் 15 நொடி; இருந்தால் முதலில் 20, 2024 முதல் 18. பிட்சர் தாமதித்தால் ஒரு ‘பால்’ (தவறான எறி) அவர் கணக்கில் கூடும். 8 நொடி மிச்சமிருக்கும்போது பேட்டர் தயாராக இல்லையென்றால் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் அவுட். மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்த ஆட்டம், அந்த ஆண்டே சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. வெட்டுப்பட்டது விளையாட்டல்ல, கையுறையை அவிழ்த்துக் கட்டும் நேரம்.

ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் தடையின்றி எறியும் இடத்தைவிட்டு விலகவோ, ஓடுபவரை அவுட்டாக்க பேஸுக்கு எறிந்து பார்க்கவோ முடியும். மூன்றாவது முறை எறிந்தும் ஆள் அவுட்டாகாவிட்டால் ‘பாக்’ எனும் விதிமீறல். ஓடுபவருக்கு ஒரு பேஸ் இனாம். பேஸின் அகலமும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. 2022இல் 2,486ஆக இருந்த ஸ்டீல்கள் (ஹிட் இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) 2023இல் 3,503 ஆயின. ஷிஃப்ட் தடை, அதாவது ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாது என்ற விதி, அவ்வளவு பலன் தரவில்லை. பேட்டிங் சராசரி .243இலிருந்து .248க்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஸ்ட்ரைக்அவுட்டும் குறையவில்லை.

மைதானத்துக்கு வந்தோர் 2022இல் சுமார் 6.45 கோடி, 2023இல் 7 கோடிக்கு மேல். ஆனால் இதெல்லாம் ஒரு நாள் ஆட்டத்தின் சீரமைப்பு. சீசனில் கோளாறு அப்படியே இருக்கிறது.

ஓர் அணிக்கு 162 ஆட்டம். அதன்பின் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் 2022 முதல் 12 அணிகள். இந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. ஆறு மாதம் ஆடிச் சேர்த்த முன்னிலை, டிவிஷன் தொடர் எனும் ஐந்து ஆட்டத் தொடரில் மூன்று மோசமான இரவுகளில் கரைகிறது. 2022இல் 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸை 89 வெற்றி பெற்ற பாட்ரெஸ் வெளியேற்றியது. மறு ஆண்டு 100 வெற்றியைத் தொட்ட மூன்று அணிகளும் டிவிஷன் தொடரோடு வீடு திரும்பின. 84 வெற்றி பெற்ற டைமண்ட்பேக்ஸ் இறுதியான உலகத் தொடர் வரை போனது. முதல் சுற்று ஆடாமல் நேரே வந்த இந்தப் பெரிய அணிகளுக்குக் கிடைத்த நீண்ட ஓய்வால் பேட்டர்களின் டைமிங் கெட்டது என்பார்கள். ஐந்து ஆட்டம் என்பதே தாயக்கட்டை உருட்டுவதுதான். ஓய்வின் மேல் பழி போட வேண்டியதில்லை.

செய்யக்கூடியது: 1961க்கு முன்பிருந்த 154 ஆட்டத்துக்குத் திரும்பி, மிச்சமாகும் நாட்களில் டிவிஷன் தொடரை ஏழு ஆட்டமாக்கலாம். ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானத்தில் நான்கு நாள் டிக்கெட் வசூல் போகும். உள்ளூர் டி.வி. ஒப்பந்தங்களிலும் கைவைக்க வேண்டிவரும். உரிமையாளர்கள் தயங்குவது இதற்காகத்தான்.

அதைவிட அவசரமானது பிளாக்அவுட், அதாவது சில பகுதிகளில் சில அணிகளின் ஆட்டத்தை ஒளிபரப்பாமல் தடுப்பது. அயோவாவில் ஓர் எம்.எல்.பி. அணிகூட இல்லை. இருந்தும் அங்கே லீக்கின் ஆன்லைன் நேரலைச் சேவையான எம்.எல்.பி. டி.வி.க்குச் சந்தா கட்டியவர்களுக்குப் பல ஆண்டுகள் கப்ஸ், கார்டினல்ஸ் உட்பட ஆறு அணிகளின் நேரலை கிடைக்கவில்லை. சந்தா கட்டுமுன் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு எந்தெந்த அணிகள் தடை என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.