680 வெள்ளிக்கு முருங்கை இலைத் தூள்! 'புற்றைக் கரைக்கும் கொடி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

நேற்று இரவு எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. 680 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). அம்மாவின் மருத்துவச் செலவுக்குத் தம்பியும் நானும் ஒதுக்கி வைத்த பணம்.

சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மா 31 வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். இப்போது வயிற்றில் புற்று. ஈப்போ மருத்துவமனையில் புற்றுக்கு ஊசி போடுகிறார்கள், சோறு இறங்குவதில்லை. அந்த நேரத்தில்தான் போனில் லைவ் போட்டு மூலிகை விற்கும் கடை ஒன்று கண்ணில் பட்டது. எக்குவாடோர், பெரு பக்கம் ஆண்டிஸ் மலையில், மேகம் படியும் காட்டில் ஏறும் 'கொண்டுராங்கோ' கொடியாம். அதன் பட்டை புற்றைக் கரைக்குமாம்.

நான் தயங்கினேன். லைவில் விற்ற பெண்ணே இரவு 10 மணிக்கு அழைத்து, "அம்மாகிட்ட கொடுங்கக்கா" என்றார். "நீங்க வெட்டின மரம் மாதிரியே இந்தக் கொடியிலயும் வெள்ளைப் பால் வரும்மா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான்" என்றார். பல வாரத்துக்கு அப்புறம் அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் 680 வெள்ளியை உடனே அனுப்பினேன்.

வந்தது பச்சைத் தூள். ஈரக்கை பட்டுப் பாட்டில் ஸ்டிக்கர் ஒரு மூலையில் உரிந்தது. அடியில் இன்னொரு லேபிள்: முருங்கை இலைத் தூள். அம்மா அதற்கு முன்பே, "இது கீரை வாசம்டி" என்று சொல்லியிருந்தார்.

கேட்டால், "40 நாள் குடிங்கக்கா." அப்புறம், "அம்மா பத்தியம் மீறியிருப்பாங்க." அப்புறம், "வெளிநாட்டுச் சரக்கு, திருப்பி எடுக்க மாட்டோம்." இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டு அம்மா ஒரு தடவை ஊசிக்கே போகவில்லை. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். அசல் கொண்டுராங்கோ கசப்புப் பட்டை. பசி எடுக்க, வயிற்று மந்தம் போக அந்த ஊர்க்காரர்கள் கொடுப்பது. புற்றுக்கு மருந்து என்ற கதை 1871-லேயே அமெரிக்காவில் ஓடியிருக்கிறது. பிளிஸ் என்ற டாக்டர் துணை அதிபரின் தாயாருக்கே கொடுத்து விளம்பரம் செய்தார். மற்ற டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தபோது புற்று கரையவில்லை. அசலே வந்திருந்தாலும் அம்மாவுக்குப் புற்று கரைந்திருக்காது!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பாட்டிலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், நான் 19 நாள் விட்டுவிட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிய 5 வெள்ளிதான். டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.

திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறேன். பாட்டிலை அப்படியே வைத்திருக்கிறேன், இரண்டு லேபிளோடும்.