நாகமலைக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி?

கதை நடப்பது 2190-இல். மதுரைக்கு மேற்கே நாகமலை முகட்டில் ஒரு காலாட்படைப் பிரிவைக் காவலுக்கு நிறுத்தியாகிவிட்டது. அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் எங்கள் எழுத்து வட்டத்தில் இழுபறி. லேசர், மின்சுருள் துப்பாக்கி, உறையில்லாத் தோட்டாவைச் சுடும் ரைபிள் என மூன்று கட்சிகள். பழைய பித்தளை உறைத் தோட்டாவின் பக்கம் பேச ஆளே இல்லை. நான் பேசுகிறேன்.

லேசர் கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்றைய 5.56 மி.மீ. தோட்டா 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி ஆகிறது. அதற்குள் ஓடுகிறவன் இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருப்பான். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. காற்று அதைத் தள்ளாது, தோளிலும் உதைக்காது. ஆனால் ஆடிக்காற்றில் வைகை மணலும் செம்மண் புழுதியும் கிளம்பிவிட்டால், ஒளிக்கற்றையின் வலு வழியிலேயே சிதறிப்போகும். எதிரி ஒரு புகைக்குண்டை வீசினாலே போதும். (பார்வையைப் பறிப்பதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களை 1995-ஆம் ஆண்டு உடன்பாடு தடை செய்திருக்கிறது, அதைக் கதைகள் கண்டுகொள்வதே இல்லை.) ட்ரோன்களை வீழ்த்த, லேசரை வண்டியின் மேல் பொருத்திக்கொள்ளட்டும்.

மின்சுருள் துப்பாக்கியில் காந்தவிசைதான் குண்டை இழுத்து எறிகிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் மறுப்பு, பேட்டரி தாங்காது என்பது. கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. 5.56 குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். மின்சாரத்தில் கால் பங்குதான் குண்டுக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டாலும், முப்பது முறை சுட ஏறக்குறைய இரண்டு லட்சம் ஜூல் போதும். நல்ல லித்தியம் பேட்டரியில் கால் கிலோவிலேயே அது அடங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டிய 6,800 ஜூலை நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் கொட்ட வேண்டும். அது பேட்டரியால் ஆகாது, மின்தேக்கி வேண்டும். இன்றைய மின்தேக்கி என்றால் அதற்கே பல கிலோ. அதைவிடக் கொடுமை, வீணாகும் முக்கால் பங்கு சூடாகித் துப்பாக்கியிலேயே தங்குவது. முப்பது குண்டு சுட்டு முடித்தால் நான்கு கிலோ இரும்பு சுமார் 80 டிகிரி ஏறிவிடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் தொடங்கினால், முடிவில் அதன்மேல் தண்ணீர் தெளித்தால் கொதிக்கும். மின்கம்பி இழுத்த நிலையான காவல் அரணுக்கு இது பொருந்தலாம். பாறையில் ஏறி இறங்குகிறவனுக்கு வேண்டாம்.

உறையில்லாத் தோட்டாதான் உண்மையான போட்டி. வெறும் வெடிமருந்துக் கட்டிக்குள் குண்டு. சுட்டபின் மிச்சம் எதுவும் விழாது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் ஜி11 ரைபிளில் இதைச் செய்தே காட்டியது. 4.73 மி.மீ. தோட்டா ஒன்று ஐந்து கிராம் சொச்சம், 5.56 தோட்டாவோ பன்னிரண்டு கிராம். அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டா என்றால் மலையேறும் சிப்பாய்க்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறை சூடேறிவிட்டால், விசையை அழுத்தாமலேயே தோட்டா வெடிக்கும் தொல்லை வந்தது. மருந்தை மாற்றி அதை வெகுவாகக் குறைத்தார்கள். ஆனாலும் ஜெர்மனி ஒன்றிணைந்த காலத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பித்தளை உறை செய்கிற வேலை இங்கேதான் தெரிகிறது. சுட்டதும் அது விரிந்து அறையை அடைத்து, புகை பின்னால் வராமல் தடுக்கிறது. வெளியே துள்ளும்போது சூட்டில் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுபோகிறது. அப்போதுதான் பாறையில் விழுந்த உறையை எடுத்துப் பார்த்தால் விரல் சுடும். அந்தச் சூடு துப்பாக்கிக்குள் இல்லை. 2022-இல் அமெரிக்கத் தரைப்படை புதிய ரைபிளைத் தேர்ந்தெடுத்தபோது பிளாஸ்டிக் உறையும் போட்டியில் இருந்தது. வென்றதோ பித்தளை உடலும் எஃகு அடியும் கொண்ட 6.8 மி.மீ. தோட்டா.

என் ஓட்டு அதன் வாரிசுக்கே. உளவு பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் உறையில்லாதது கொடுக்கலாமே என்று ஒரு சமரசம் பேசிப் பார்த்தார்கள். ஒரே பிரிவில் இரண்டு வகைத் தோட்டா என்றால், கீழக்குயில்குடி அடிவாரத்திலிருந்து இரவில் பெட்டி சுமந்து ஏறுகிறவன் தலையில்தான் அது விடியும்.