மோராவா, ஒப்பினெலா, ஊர்ப் பட்டறைக் கத்தியா?

மலையேற்றம், கூடாரத்தில் தங்கல், தோட்ட வேலை எல்லாவற்றுக்கும் கூடவே வருகிற ஒரு கத்தி வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்றால், என் கணக்கில் தேர்வு மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. சுவீடனின் மோரா கம்பேனியன், பிரான்சின் ஒப்பினெல் 8, நம் ஊர்க் கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கும் கத்தி. மூன்றுமே என்னிடம் இருக்கின்றன. ஆனால் எப்போதும் பையில் போவது மோராதான், அதுவும் ஸ்டெயின்லெஸ் அலகு உள்ளது.

கூர்மையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, புதிதில் மூன்றும் நன்றாகவே வெட்டும். எடையில் ஒப்பினெலை எதுவும் நெருங்காது. ஏறக்குறைய 45 கிராம்தான், மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மோரா உறையோடு சேர்ந்தால் 100 கிராமைத் தாண்டும். விலையில் பட்டறைக் கத்திதான் மலிவு. விமானத்தில் மூன்றையுமே கைப்பையில் வைக்க விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதைப் பார்த்துவிட்டு, தடித்த கனமான கத்தியைத் தேடி அலைகிறவர்கள் நிறைய. நம் காப்புக்காடுகளில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம். ஆகவே நமக்கு வெளியே போனால் கத்திக்கு இருக்கிற வேலை கயிறு அறுப்பது, குச்சி சீவுவது, காய் நறுக்குவது, பழம் உரிப்பது, இவ்வளவுதான். கம்பேனியனின் பத்து சென்டிமீட்டர் அலகும் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனும் இதற்குத் தாராளம்.

பட்டறைக் கத்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடிப்பார்கள், அது நல்ல எஃகு. நம் கைக்கு ஏற்ற நீளம், வளைவு சொல்லி அடித்து வாங்கலாம். தென்னை மட்டை, முள், வேலிக்கம்பு என்று வந்தால் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட நிற்காது. சிக்கல் என்னவென்றால், பழுக்கக் காய்ச்சி முக்கி எடுக்கிற அந்தப் பதம் கொல்லருக்குக் கொல்லர் மாறும். ஒரே பட்டறையில் வாங்கிய இரண்டு கத்திகளில் ஒன்று கூர் நிற்கும், இன்னொன்று வாய் மடங்கும். உறையும் கிடையாது, தனியாகத் தைக்க வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டால் மறுநாள் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும்.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது: பராமரிப்பு. மழையிலும் மலைப் பனியிலும் நனைந்து, இரவு முழுக்க ஈரப்பையில் கிடந்த கத்தி காலையில் எப்படி இருக்கிறது, வீடு திரும்பியதும் அதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒப்பினெல் அழகான கத்தி. சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்தது. அலகைப் பூட்டுகிற சுழல் வளையம் 1955இல் வந்து சேர்ந்தது. அலகு மெல்லியது என்பதால் தக்காளி, வெங்காயம், ரொட்டி நறுக்க மோராவைவிட இதுதான் சுகம். ஆனால் பிடி பீச் (beech) மரம். ஈரம் குடித்தால் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தை விட்டு இழுத்தால் நகம்தான் போகும். பிடியின் பின்முனையைக் கல்லில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அப்புறம் விரலால் பிடித்துத் திறக்கலாம். சவோய்க்காரர்களின் பழைய உத்தி இது. ஆனால் அடைமழையில் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? மாம்பழச் சாறும் மணலும் மடிப்புக்குள் போய்விட்டால் கழுவுவதும் பெரிய பாடு. நன்றாகக் காயவைத்து, பிடிக்கு எண்ணெய் ஊறவிட்டால் தொல்லை குறையும். ஆனால் அதுவும் ஒரு வேலைதானே.

மோராவில் மடிப்பே கிடையாது. பிடி பிளாஸ்டிக், ரப்பர். உறையும் பிளாஸ்டிக், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது. கழுவி, துணியில் துடைத்தால் தீர்ந்தது.

சாணை பிடிப்பதில்தான் இது இன்னும் மேலே போகிறது. அலகின் இரு பக்கமும் வெட்டும் விளிம்பை நோக்கி ஒரே சரிவாக, அகலமாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சரிவைக் கல்லின் மேல் படுக்கவைத்து விரலால் அழுத்தினால் அது தானே உட்கார்ந்துகொள்ளும். எத்தனை பாகையில் பிடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சரிவில் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டுத் தேயுங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ, அங்கே கல் படவில்லை. எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்க்கும்போது மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு தடவை பின்னோக்கி இழுத்தால் காகிதம் சத்தமில்லாமல் அறுபடும். முதன்முதலாகக் கல்லைத் தொடுகிறவரும் இதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஒப்பினெலைத் தீட்டக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். பட்டறைக் கத்திக்குச் சாணைக்காரர் வரும்வரை காத்திருப்பவர்களே அதிகம்.

குறையும் உண்டு. அலகின் வால் பிடிக்குள் முழு நீளத்துக்கும் போவதில்லை, நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள். வாய் மெல்லியது, தேங்காய் ஓட்டிலோ எலும்பிலோ போட்டால் பல் விழும். கம்பேனியன் கார்பன் அலகிலும் வருகிறது. அது சட்டென்று கூர் ஏறும், ஆனால் எலுமிச்சை, புளி பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியும் கூடவே போக வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்ஸே சரி. கடற்கரையில் உப்புத் தண்ணீரோடு நான் அதிகம் புழங்கியதில்லை, மீன் வேலைக்கு வாங்குகிறவர்கள் அந்த அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கும் பழத்துக்கும் மட்டும் என்றால் ஒப்பினெல் வாங்குங்கள், அதிலும் ஸ்டெயின்லெஸ் இருக்கிறது. தோப்பு வேலைக்குப் பட்டறைக் கத்தி. மழையில் நனையப் போகிற பைக்கு மோரா. அதோடு ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள சாணைக்கல் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.