பாலிஷுக்கு மெஷின், வேக்ஸுக்குக் கை: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

கறுப்பு நிறக் காரில் எதையும் மறைக்க முடியாது. நிழலில் நன்றாகத்தான் தெரியும். வெயிலில் பானெட் பக்கம் வந்து நின்றால் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். அவற்றைப் போக்கத்தான் பாலிஷ் போடக் கற்றுக்கொண்டேன். கையாலும் செய்திருக்கிறேன், மெஷினாலும் செய்திருக்கிறேன். பாலிஷுக்கு மெஷின், வேக்ஸுக்குக் கை என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாலிஷ் தேய்த்து எடுக்கிறது, வேக்ஸ் மேலே படிகிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கும். பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனம்தான். ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் குறையும், போனது திரும்பாது. எனவே கார் மங்கலாகத் தெரிந்தவுடனே பாலிஷ் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பல நேரம் மங்கலுக்குக் காரணம் மேலே ஒட்டியிருக்கும் அழுக்குதான். கழுவி உலர்த்தியபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால், ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போதும்.

கையால் பாலிஷ் போட்டால் விரல் அழுத்துகிற இடம் அதிகம் தேயும், மற்ற இடம் தேயாது. கதவுக் கைப்பிடியின் குழி, கண்ணாடியின் ஓரம் போன்ற இடுக்குகளுக்கு மட்டும் அதுவே வசதி. பெரிய பரப்புக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான். அதில் பேட் (மெஷின் முனையில் மாட்டும் ஃபோம் வட்டு) சுழன்றுகொண்டே தள்ளாடியும் நகரும், ஆகவே ஒரே இடத்தில் சூடு சேராது. தள்ளாடாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். பழகாத கையில் விளிம்புகளில் பெயிண்டையே எடுத்துவிடும். வீட்டில் செய்பவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் அதிகமானால் பேட் சுழலாமல் வெறுமனே அதிரும். அதைக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏறக்குறைய அரை மீட்டர் சதுரம் எடுத்து, முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, நிதானமாகக் கையை நகர்த்தவேண்டும். மென்மையான பேட், மென்மையான பாலிஷ் இரண்டையும் வைத்து ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பேன். அதில் கீறல் போகவில்லை என்றால்தான் காம்பவுண்ட் என்ற, இன்னும் கடுமையாகத் தேய்க்கும் பாலிஷை எடுப்பேன். பேனல் விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் அவசியம்.

போட்டு முடித்ததும் தெரிகிற பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் இறங்கி அதை மறைத்துவிடும். தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

வேக்ஸைப் பொறுத்தவரை மெஷின் எனக்கு எந்த ஆதாயமும் தரவில்லை. பாதி வேக்ஸ் பேடிலேயே நின்றுவிடுகிறது. நான் போடுவது கார்நௌபா வேக்ஸ், பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது. ஃபோம் துண்டில் கொஞ்சமாக எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூசினால் போதும். கனமாகப் பூசினால் துடைத்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும், பலன் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகத் திட்டுப் படியும், விலக்கிப் பூசுங்கள். திறந்த வெளியில் நிற்கும் காரில் ஓரிரு மாதத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது குறையும். வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் இதைவிட நாள்பட நிற்கும். ஆனாலும் கறுப்பில் கார்நௌபா தரும் ஆழம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்காக அடிக்கடி பூசத் தயார்.

மெஷின் இப்போது அபூர்வமாகத்தான் வெளியே வருகிறது. தூசியை உலர்ந்த துணியால் தட்டுவதை நிறுத்தி, சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, கார் கழுவும் கையுறையை அலசத் தனி வாளி என்று மாறியபிறகு புதுக் கீறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பறவை எச்சத்துக்கு மட்டும் வேக்ஸ் முழுக் காவல் இல்லை. வெயிலில் காய்ந்தால் வேக்ஸையும் தாண்டிக் கிளியர் கோட்டை அரித்துவிடும். பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே வைத்து ஊறவிட்டு எடுப்பேன். கூரையில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது. பாலிஷ் போட்டதில் பாதி மறைந்தது. மீதியையும் எடுக்க வேண்டுமானால் இன்னும் ஆழமாகத் தேய்க்கவேண்டும், அதற்கு மேல் தேய்க்காமல் விட்டுவிட்டேன்.