வூடூ3 3000: நாலு வருடப் பழக்கம்

விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேற்றி வைத்திருக்கிறேன். பென்டியம் 3, இன்டெல் 440பிஎக்ஸ் மதர்போர்டு, 256 எம்பி மெமரி, 17 அங்குல சிஆர்டி மானிட்டர். நாலு வருடமாக அதில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ3 3000.

முதலில் போட்டது என்விடியாவின் ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸ் கார்டு. 32 எம்பி, 32 பிட் நிறம் என்று கணக்குப் பார்த்தால் 16 எம்பி வூடூ3 அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் எனக்கு வேண்டியது அன்ரியலும் நீட் ஃபார் ஸ்பீட் 3-உம். இரண்டும் 1998இல் வந்த விளையாட்டுகள், 3டிஎஃப்எக்ஸின் கிளைடு (விளையாட்டு கார்டோடு பேசும் மென்பொருள் வழி) இருந்தால்தான் முழு அழகும் வெளியே வரும். கிளைடு மற்ற நிறுவனங்களின் கார்டுகளுக்குத் தெரியாது. அதனால் யார் கார்டு தேடினாலும் முதலில் 'என்ன விளையாடப் போகிறீர்கள்?' என்றுதான் கேட்பேன். 2001க்குப் பிறகு வந்தவைதான் வேண்டும் என்றால் வூடூ3 பக்கமே போக வேண்டாம், ஜீஃபோர்ஸ்4 டிஐ 4200 நல்ல தேர்வு.

3டிஎஃப்எக்ஸ் 2000 டிசம்பரிலேயே என்விடியாவிடம் தன் சொத்துகளை விற்க முடிவெடுத்துவிட்டது. ஆக, கிடைப்பதெல்லாம் யாரோ பயன்படுத்திய பழசுதான். நான் முதலில் வாங்கிய வூடூ3 'நன்றாக ஓடுகிறது' என்ற வார்த்தையை நம்பி வாங்கியது. திரையில் செங்குத்தாகக் கோடுகள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு குட்டி கெப்பாசிட்டர் பெயர்ந்து, இரண்டு ஈயப் பொட்டுகள் மட்டும் மிச்சம். இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் நெருக்கத்தில் எடுத்த படம் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை.

இரண்டாவதாக வாங்கியதுதான் இன்றுவரை ஓடுகிறது. இதில் மின்விசிறி கிடையாது, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் மட்டும்தான். அரை மணி நேரம் விளையாடிவிட்டு விரல் வைத்தால் சுருக்கென்று கையை எடுத்துவிடுவோம். 80 மிமீ விசிறி ஒன்றை கேபிள் டையால் கட்டி, கார்டைப் பார்த்தபடி திருப்பி வைத்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

முப்பரிமாணத்தில் 16 பிட் நிறம்தானே என்று முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் புகையும் வானமும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். மானிட்டரில் அப்படித் தெரியாது, படத்தை வெளியே அனுப்பும்போது கார்டே அந்தப் புள்ளிகளைக் குழைத்துவிடும். இதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். குறை என்றால் டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படம்) 256×256 புள்ளிகளுக்கு மேல் போகாது. அதனால் பிற்கால விளையாட்டுகளில் சுவர்கள் கொஞ்சம் மங்கித் தெரியும்.

டிரைவருக்கு 3டிஎஃப்எக்ஸ் வெளியிட்ட 1.07.00 போதும், எனக்கு அதில் தொல்லையே வந்ததில்லை. அப்புறம், வாங்கும் முன் மதர்போர்டைப் பாருங்கள். வூடூ3க்கு 3.3 வோல்ட் ஏஜிபி (கிராபிக்ஸ் கார்டுக்கென்றே இருக்கும் ஸ்லாட்) வேண்டும். பென்டியம் 4 காலத்து 1.5 வோல்ட் போர்டில் இதைச் செருக முயலாதீர்கள். ஏஜிபியே இல்லாத போர்டு என்றால் இதே கார்டு பிசிஐ என்ற பொது ஸ்லாட்டுக்கான வடிவிலும் வந்திருக்கிறது.