குழந்தை மனநல மருத்துவர்: பெரியவர்கள் வழியாகவா, நேரடியாகவா?

அமெரிக்காவில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவராக வேண்டுமென்றால் முதலில் பெரும்பாலும் பெரியவர்களைப் பார்க்கும் பொது மனநல மருத்துவத்தில் 4 ஆண்டு பயிற்சி, அப்புறம் குழந்தைகளுக்கென 2 ஆண்டு. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் குழந்தைகள் பயிற்சிக்கு மாறிக்கொண்டால் மொத்தம் 5 ஆண்டு. ஜெர்மனியில் இது 1968 முதலே தனித் துறை. மருத்துவப் பட்டம் பெற்றவர் நேராகச் சேர்ந்து 5 ஆண்டு பயில்கிறார்.

காலம் ஏறக்குறைய ஒன்றுதான். அது யாரோடு கழிகிறது என்பதுதான் வேறு.

அமெரிக்க வழியில் வந்தவருக்கு மனச்சிதைவும் (இல்லாத குரல்கள் கேட்பது போன்ற பாதிப்பு) இருமுனைக் கோளாறும் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) முற்றிய நிலையில் பழக்கம். 16 வயதில் அவை தலைகாட்டினால் சட்டென்று சந்தேகம் வரும். தாயின் மனச்சோர்வும் கண்ணில் படும். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பேச்சு வராத 4 வயதுக் குழந்தையிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை. அது விளையாடுவதைக் கவனிக்க வேண்டும், பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே விசாரிக்க வேண்டும், அந்த வயதுக்கு எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். 2 ஆண்டு அதற்குப் போதாது என்றே நினைக்கிறேன்.

என் ஓட்டு நேரடி வழிக்குத்தான். ஆனால் பெரியவர்கள் பிரிவிலும் சில மாதங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். 18 வயதானவரை அங்கே அனுப்பி வைக்கும் மருத்துவருக்கு, அங்கே என்ன சிகிச்சை நடக்கும் என்று தெரிய வேண்டாமா?